முறை தவறாத கொடை



ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான். ஆதலால் இன்றைய பேச்சையும் ஒரு கணக்கைக் கொண்டே தொடங்குகிறேன்.

தலசீமியா என்பது பிறவியிலேயே வரும் ஓர் இரத்த நோய். அந்நோய் கடுமையாக உள்ள குழந்தையின் உடல், தனக்கு வேண்டிய நல்ல சிவப்பணுக்களைத் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சை வாய்த்தாலன்றி, அக்குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், பிறருடைய இரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு பை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 17 பைகள் ஆகின்றன. நலமுள்ள ஆண்மகன் ஒருவர் 90 நாட்கள் இடைவெளி விட்டு இரத்தம் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அதாவது, ஆண்டுக்கு நான்கு முறை. அப்படியானால் அந்த ஒரு குழந்தைக்கு எத்தனை பேர் வேண்டும்? நால்வர் கொடுத்தால் 16 பைகள். ஒரு பை குறைகிறது. எனவே ஐந்தாமவர் ஒருவர் வேண்டும். அதுவும் இந்த ஆண்டு மட்டுமன்று; அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வேண்டும். குழந்தை வளர வளர, ஒரு பை போதாமல் இரண்டு பைகளும் தேவைப்படும்.

இக்கணக்கை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால், நான் சொல்ல வந்ததில் பாதி சொல்லியாயிற்று. “யாருக்கேனும் ஆபத்து என்று கேள்விப்பட்டால் ஓடிப்போய்க் கொடுப்பேன்” என்று கூறும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மருத்துவமனைக்கு வேண்டியவர், ஆபத்து வருமுன்னரே, எவரும் அழைக்காமலேயே, குறித்த நாளில் வந்து கொடுத்துவிட்டுப் போகின்றவர். அவரையே முறையான கொடையாளர் என்கிறோம். நானும் அவர்களுள் ஒருவன். 1983ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மாணவனாக இருந்தபோது, என் 22ஆம் வயதில் முதன்முறையாகக் கொடுத்தேன். இப்பொழுது எனக்கு வயது 64. இதுவரை 118 முறை கொடுத்திருக்கிறேன். இந்நீண்ட பழக்கத்தில் நான் கற்றவற்றையும், இதைப்பற்றி அறிவியல் கூறுவனவற்றையும் உங்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் சிறிது வரலாறு. ஒருவருடைய இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றிப் பிழைக்கவைக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1818ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற மகப்பேற்று மருத்துவர் மனிதரின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். பிள்ளைப்பேற்றின்போது இரத்தப் பெருக்கால் தாய்மார் இறப்பதைக் கண்டு பொறாமல் அவர் இம்முயற்சியில் இறங்கினார். அவ்வாறு ஏற்றப்பெற்றவர்களுள் சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லேண்ட்ஸ்டைனர் அப்புதிரை விடுவித்தார். மனிதருடைய இரத்தம் எல்லாம் ஒரே வகையினது அன்று, அதில் பிரிவுகள் உண்டு, பொருந்தாத பிரிவுகள் கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்று அவர் காட்டினார். அதற்காக 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே இன்று உலக இரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வகை தெரிந்த பின்னும் ஓர் இடர் எஞ்சி நின்றது. உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். எனவே கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருந்தாக வேண்டும். 1914, 1915ஆம் ஆண்டுகளில் இதற்கும் வழி பிறந்தது. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சிறிதளவு கலந்தால், இரத்தம் உறையாமல் நிற்கும் என்று கண்டனர். அதன் பின்னர், இரத்தத்தைக் குளிர்ச்சியில் வைத்திருந்து வேண்டும்பொழுது ஏற்ற முடிந்தது. 1937ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றில் பெர்னார்ட் பேன்டஸ் என்ற மருத்துவர் அத்தகைய சேமிப்பிடம் ஒன்றை அமைத்து, அதற்கு ‘இரத்த வங்கி’ என்று பெயரிட்டார்.

வங்கி என்ற அச்சொல் நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. பணத்தை வங்கியில் இட்டால் பல ஆண்டுகள் கழித்தும் எடுக்கலாம், வட்டியும் சேரும். இரத்தமோ அப்படிப்பட்ட செல்வம் அன்று. இன்று நாம் கொடுக்கும் இரத்தத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுவதில்லை. அதனைச் சுழல் இயந்திரத்தில் இட்டுச் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா என்னும் நீர்மம் என மூன்றாகப் பிரிக்கின்றனர். சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில், சேர்க்கும் பாதுகாப்புக் கரைசலுக்கு ஏற்ப, 35 நாட்களோ 42 நாட்களோ வைத்திருக்கலாம். அதற்குமேல் அவை பயன்படா. தட்டணுக்களின் ஆயுள் இன்னும் குறைவு. அறையின் வெப்பநிலையில் இடைவிடாது மெல்ல அசைத்துக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாட்கள்தாம். பிளாஸ்மாவை மட்டும் உறையவைத்து ஓராண்டு வரை காக்கலாம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஓர் ஊரில் ஒரே நாளில் ஆயிரம் பேர் திரண்டு வந்து இரத்தம் கொடுத்தாலும், ஆறு வாரங்கள் கழித்து அவ்வூர் மருத்துவமனையின் குளிர்பெட்டியில் அந்த ஆயிரத்தில் ஒரு பைச் சிவப்பணுவேனும் பயன்படும் நிலையில் இராது. நம் நாட்டில் அக்டோபர் முதல் நாளைத் தன்னார்வ இரத்ததான நாள் என்று கொண்டாடுகிறோம். தலைவர்களின் பிறந்தநாட்களிலும் முகாம்கள் நடைபெறுகின்றன. அவை வேண்டியனவே. ஆனால் மே மாதத்தை எண்ணிப் பாருங்கள். கல்லூரிகள் மூடியிருக்கும், முகாம்கள் அருகிப்போகும், வெயிலுக்கு அஞ்சிப் பலர் வெளியே வரமாட்டார்கள். அறுவைச் சிகிச்சைகளும் விபத்துகளும் பிள்ளைப்பேறுகளும் அம்மாதத்தில் நின்றுவிடுகின்றனவா? பல ஆண்டுகளாகக் கோடை விடுமுறையில்தான் இரத்த வங்கிப் பணியாளர்களின் முகத்தில் கவலையைக் கண்டிருக்கிறேன். அதனால் என் முறைகளுள் ஒன்று மே மாதத்தில் விழுமாறு நாட்களைக் கணக்கிட்டுக்கொள்வது என் வழக்கமாயிற்று.

இனி, கொடுக்கும்பொழுது நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். அச்சத்தில் பெரும்பகுதி அறியாமையிலிருந்து பிறப்பதே.

முதலில் உங்கள் எடையைப் பார்ப்பார்கள். 45 கிலோகிராமுக்குக் குறையாத எடை வேண்டும். வயது 18 நிரம்பியிருக்கவேண்டும். அண்மையில் நோயுற்றீர்களா, மருந்து உண்கிறீர்களா, பச்சை குத்திக்கொண்டீர்களா என்று பல வினாக்கள் கேட்பார்கள். பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு பொறுத்திருக்கவேண்டும். இவ்வினாக்களுக்கு உண்மையான விடை தருவதும் கொடையின் ஒரு பகுதியே. பின்னர் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்து, விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். பல இடங்களில் அத்துளியை நீலநிறமான மயில்துத்தக் கரைசலில் விடுவதை நீங்கள் காணலாம். துளி தயங்காமல் அடியில் ஆழ்ந்தால், அதில் ஹீமோகுளோபின் போதிய அளவு உண்டு, அதாவது நூறு மில்லி லிட்டருக்குப் பன்னிரண்டரை கிராமுக்குக் குறையவில்லை என்பது பொருள். மிதந்தால், “இன்று வேண்டாம், உணவைத் திருத்திக்கொண்டு பின்னர் வாருங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். பொருள்களின் அடர்த்தியைப்பற்றி எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம், ஒரு சிறு கண்ணாடிக் குடுவைக்குள் எத்துணைப் பயனுள்ள வேலையைச் செய்கிறது என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன்.

பின்னர்ப் படுக்கவைத்து, முழங்கையின் உட்புறத்துச் சிரையில் ஊசியை ஏற்றுகிறார்கள். ஓர் எறும்பு கடித்தாற்போன்ற வலி, அவ்வளவே. பத்து நிமிடத்திற்குள் 350 மில்லி லிட்டர் இரத்தம் பையில் நிரம்பிவிடும். 55 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளவரிடம் 450 மில்லி லிட்டர் வரை எடுப்பதும் உண்டு. பிறகு கால் மணி நேரம் ஓய்வு, பருகுவதற்குப் பழச்சாறு, தின்பதற்குப் பிஸ்கட். அன்று நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். பளுவான பொருளைத் தூக்காதிருக்க வேண்டும். ஒரு சிலருக்குத் தலை கிறுகிறுப்பது உண்டு. காலைச் சற்று உயர்த்திப் படுத்தால் அது தெளிந்துவிடும். வெறும் வயிற்றோடு போகாதவர்க்கு அது பெரும்பாலும் வருவதில்லை.

“கொடுத்த இரத்தம் மறுபடியும் ஊறுமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். அறுபது கிலோகிராம் எடையுள்ளவர் உடலில் ஏறத்தாழ நாலரை லிட்டர் இரத்தம் உண்டு. அதில் 350 மில்லி லிட்டர் என்பது பதின்மூன்றில் ஒரு பங்கே. அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் நிரம்பிவிடும். சிவப்பணுக்களோ நாம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் ஏறக்குறைய 120 நாட்களில் மூப்படைந்து அழிபவை. அழிபவற்றை ஈடுசெய்ய, நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் புதிய அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இழந்த அணுக்களை அது சில வாரங்களில் மீட்டுக்கொடுத்துவிடும். இரும்புச்சத்து மட்டும்தான் மெதுவாகத் திரும்புகிறது. ஒரு பை இரத்தத்தோடு ஏறத்தாழ 150 முதல் 175 மில்லிகிராம் இரும்பு நம்மை விட்டுப் போகிறது. உணவிலிருந்து நாள்தோறும் நம் உடல் ஏற்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இவ்விரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 90 நாட்கள் என்ற இடைவெளியின் பொருள் விளங்கும். பெண்களுக்கு மாதந்தோறும் ஓரளவு இரும்பு இழப்பு நேர்வதால், அவர்களுக்கு அவ்விடைவெளியை 120 நாட்களாக வைத்திருக்கிறார்கள். முருங்கைக்கீரை, பயறு, எள், பேரீச்சம்பழம் ஆகியவற்றை உணவில் சேர்ப்பதும், அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொள்வதும், உண்டவுடன் தேநீரைத் தவிர்ப்பதும் இரும்பைக் காக்கும் எளிய வழிகள். இவற்றுக்குப் பெரும் செல்வம் தேவையில்லை.

முறையாகக் கொடுப்பதனால் விளையும் மற்றொரு நன்மை, இரத்தத்தின் தூய்மை. அதை விளக்கச் சென்ற காலத்து நிலையை நான் சொல்லியாகவேண்டும். 1980களில் நான் சென்றுவந்த ஒரு பெரிய மருத்துவமனையின் மதிற்சுவரை ஒட்டி, மரநிழலில், மெலிந்த மனிதர் சிலர் காலை முதல் காத்திருப்பர். இரத்தத்தை விற்பதற்காக அவர்கள் அங்கே இருந்தனர். பசிக்கு விற்றவரும் உண்டு. மதுவுக்கு விற்றவரும் உண்டு. இன்று ஓர் இடத்தில் விற்றவர், சில நாட்களில் வேறோர் இடத்தில் பெயரை மாற்றிச் சொல்லி மறுபடியும் விற்பார். அவர் தமக்கு இருந்த நோயைச் சொல்வாரா? சொன்னால் அன்றைய கூலி போய்விடுமே! அவரும் கெட்டார், அவருடைய இரத்தத்தைப் பெற்றவரும் துன்புற்றார்.

1986ஆம் ஆண்டில், எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கண்டவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலா அவர்களும் ஆவர். இரத்தத்தின் வழியாகவும் பரவும் கிருமி அது. விலைக்கு வாங்கும் இரத்தம் எத்துணைப் பெரிய ஆபத்து என்பது அதன் பின்னர் நாடு முழுவதும் உணரப்பட்டது. பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தீர்ப்பு வழங்கியது. அதன்படி 1998ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் முறை ஒழிக்கப்பட்டது. மதிலோரத்து மரநிழல் வெறுமையாயிற்று.

விற்பவர் மறைந்த பின்னர், அவருடைய இடத்தை நிரப்பவேண்டியவர் யார்? பல இடங்களில் நோயாளியின் சுற்றத்தாரையே, “ஒரு பை எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் ஒருவரை அழைத்து வாருங்கள்” என்று கேட்கும் வழக்கம் நீடித்தது. அன்னையைப் படுக்கையில் விட்டுவிட்டு, மகன் பேருந்து நிலையத்தில் நின்று தெரிந்தவர்களை எல்லாம் கெஞ்சும் காட்சி எவ்வளவு கொடிது! அவனுக்காக வருபவரும் நெருக்கடியில் வருகிறார். தமக்குச் சென்ற மாதம் வந்த காய்ச்சலைப்பற்றியோ, வேறு நோயைப்பற்றியோ, உறவினர் எதிரில் சொல்ல அவர் நாணக்கூடும். ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., இரு வகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தே பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆயினும், கிருமி உடலுக்குள் புகுந்த தொடக்க நாட்களில் எந்தச் சோதனைக்கும் அகப்படாத ஒரு சிறு காலம் உண்டு. அக்காலத்தில் நம்மைக் காப்பது கொடுப்பவரின் நேர்மை ஒன்றே. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வருபவர் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகிறார்; எவருடைய வற்புறுத்தலும் அவருக்கு இல்லை; உடல் நலம் இல்லையென்றால் “இம்முறை வேண்டாம்” என்று கூசாமல் சொல்லிவிடுவார். ஆகையால்தான் முறையாகக் கொடுப்பவரின் இரத்தத்தை மருத்துவ உலகம் மிகவும் நம்புகிறது.

முறைமைக்கு எடுத்துக்காட்டாக ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஆஸ்திரேலிய நாட்டவரான ஜேம்ஸ் ஹாரிசன், தம் 14ஆம் வயதில் நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். முகமறியாத பலருடைய இரத்தம் அவரைப் பிழைக்கவைத்தது. “வயது 18 ஆனதும் நானும் கொடுப்பேன்” என்று உறுதிகொண்டார். 1954ஆம் ஆண்டில் தொடங்கினார். பின்னர், அவருடைய பிளாஸ்மாவில் அரிய ஒரு பொருள் இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். தாயின் இரத்தத்தில் ஆர்.எச். என்ற கூறு இல்லாமல், வயிற்றுக் குழந்தையின் இரத்தத்தில் அது இருந்தால், தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களையே பகையாகக் கருதி அழிக்க முற்படக்கூடும். அதைத் தடுக்கும் மருந்தை அவருடைய பிளாஸ்மாவிலிருந்து செய்ய முடிந்தது. பிளாஸ்மாவை மட்டும் பிரித்து எடுத்துச் சிவப்பணுக்களை உடலுக்கே திருப்பிவிடுவதால், இரு வாரங்களுக்கு ஒருமுறைகூட அதைக் கொடுக்கலாம். அவ்வாறு அவர் 2018ஆம் ஆண்டு வரை, தம் 81ஆம் வயது வரை, 1,173 முறை கொடுத்தார். ஏறத்தாழ 24 லட்சம் குழந்தைகளைக் காக்க அவருடைய கொடை உதவிற்று என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் மதிப்பிட்டது. 2025ஆம் ஆண்டு தம் 88ஆம் வயதில் அவர் காலமானார்.

அவரைப்பற்றிய செய்திகளுள் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அவருக்கு ஊசி என்றால் அச்சம். 1,173 முறையிலும் ஊசி ஏறுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாராம். ஆகவே, அச்சமுள்ளவர்களே, நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கையை மட்டும் நீட்டுங்கள்.

உங்களுள் சிலருக்கு எடை போதாது. சிலருக்குச் சோகை இருக்கும். சிலருக்கு நோயின் பொருட்டுத் தடை உண்டு. அவர்கள் வருந்தவேண்டுவதில்லை. 1921ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு மருத்துவமனை இரத்தம் வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளை ஒன்றைக் கேட்டது. அதன் செயலாளராகிய பெர்சி ஆலிவர் உடனே தம் தோழர் சிலரோடு சென்றார். அவர்களுள் ஒருவருடைய இரத்தம் பொருந்திற்று. அதன்பின் ஆலிவர், அழைத்தால் வரக்கூடிய தன்னார்வலர்களின் பெயரும் பிரிவும் அடங்கிய பதிவேடு ஒன்றைத் தம் வீட்டிலேயே வைத்து, மனைவியின் துணையோடு தொலைபேசியருகில் இரவும் பகலும் காத்திருந்தார். உலகிலேயே முதலில் தோன்றிய தன்னார்வக் கொடையாளர் அமைப்பு அதுவே. கொடுக்க இயலாத மாணவர் தம் கல்லூரியில் அப்படி ஒரு பதிவேட்டை வைக்கலாம். இன்னார்க்கு இன்ன நாள் முறை வருகிறது என்று நினைவூட்டலாம். அதுவும் உயிர் காக்கும் தொண்டே.

நான் கொடுத்த 118 பைகளும் எவரெவரைச் சேர்ந்தன என்று அறியேன். அறியவேண்டும் என்ற ஆவல் இளமையில் இருந்தது; பின்னர் அது அடங்கிவிட்டது. அவர் என்ன சாதி, என்ன மதம், ஏழையா செல்வரா, நல்லவரா அல்லரா என்பது எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்குத் தெரியாது. பையின் மேல் ஓர் எண்ணும் இரத்தப் பிரிவும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. அதுவே நல்லதென்று எனக்குப் படுகிறது. நன்றி சொல்லவேண்டிய கடன் பெற்றவருக்கும் இல்லை. நன்றியை எதிர்பார்க்கும் எண்ணம் கொடுத்தவருக்கும் இல்லை.

நம் நாட்டு விதிப்படி 65 வயதுக்குமேல் இரத்தம் கொடுக்க இயலாது. எனக்கு இன்னும் மூன்று அல்லது நான்கு முறைகளே எஞ்சியிருக்கின்றன. அதன்பின் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அது வருந்தத்தக்கது அன்று, உடலின் நியதி. ஆனால் முதற்பகுதியில் நாம் போட்ட கணக்கு மாறப்போவதில்லை. அக்குழந்தைக்கு ஐவர் வேண்டும் என்றால் ஐவர் வேண்டும்; ஒருவர் விலகினால் மற்றொருவர் வரவேண்டும்.

18 வயது நிரம்பியவர்களே, உங்கள் பிறந்தநாளை அண்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் இரத்த வங்கிக்குச் செல்லுங்கள். காலையில் நன்றாக உண்டுவிட்டுச் செல்லுங்கள். கொடுத்துத் திரும்பியதும், நாட்குறிப்பை எடுத்து, மாணவர் ஆயின் 90 நாட்களும், மாணவியர் ஆயின் 120 நாட்களும் எண்ணி, அடுத்த நாளைக் குறித்துவையுங்கள். முதல் முறை கொடுப்பது எளிது. தோழர் அழைத்தால் எவரும் சென்றுவிடுவர். இரண்டாம் முறை, எவரும் அழைக்காதபோது, நீங்களாகச் செல்லுங்கள். அன்றே நீங்கள் முறையான கொடையாளர் ஆகிறீர்கள்.